பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளும் அவசர சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020-இல் கோவிட் பரவத் தொடங்கியபோது பெரியவர்களுக்கான வார்டுகளில் படுக்கை கிடைக்கவில்லை. அதே கட்டடத்தில் குழந்தைகளுக்கான எமர்ஜென்சி வெறிச்சோடிக் கிடந்தது. ஏன் அப்படி ஆனது, அது நல்லதா கெட்டதா, அடுத்த முறை பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் முக்கியமானவை இங்கே.

கொள்ளைநோய் என்றால் ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடத்தானே வேண்டும்? குழந்தைகள் பிரிவில் எப்படிக் குறைந்தது?

கோவிட் குழந்தைகளைப் பெரும்பாலும் லேசாகவே தொட்டுவிட்டுப் போனது. அதனால் அந்த நோய்க்காக வந்த குழந்தைகள் குறைவு. மற்ற நோய்களுக்காக வழக்கமாக வருகிறவர்களோ வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

எவ்வளவு குறைந்தது என்பதற்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கைப் பார்க்கலாம். 2019 ஏப்ரலை ஒட்டிய நான்கு வாரங்களில் எல்லா வயதினரும் சேர்ந்து வாரத்துக்குச் சராசரியாக 21 லட்சம் பேர் எமர்ஜென்சிக்கு வந்தார்கள். 2020-இல் அதே நான்கு வாரங்களில் வந்தவர்கள் 12 லட்சம் பேர். அதாவது 42 சதவீத வீழ்ச்சி. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் வீழ்ச்சி 72 சதவீதம், 11 முதல் 14 வயது வரை 71 சதவீதம். வேறு எந்த வயதினரிடமும் இவ்வளவு பெரிய சரிவு இல்லை. இத்தாலியில் 2020 மார்ச்சில் ஆராயப்பட்ட ஐந்து மருத்துவமனைகளில் குழந்தைகளின் வருகை, முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால், 73 முதல் 88 சதவீதம் வரை சரிந்திருந்தது.

எல்லாப் பெருந்தொற்றிலும் இப்படித்தான் நடக்குமா?

இல்லை. 2009-இல் வந்த எச்1என்1 காய்ச்சலின்போது (பன்றிக்காய்ச்சல் என்று அழைக்கப்பட்டது) நேர்மாறாக நடந்தது. அந்த வைரஸ் குழந்தைகளையும் இளைஞர்களையும் அதிகமாகப் பிடித்தது. காய்ச்சல் என்றாலே பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். லேசான சளிக்குக்கூட வரிசை நின்றது, உட்கார இடமில்லாமல் போனது. பள்ளிகளைப் பல இடங்களில் சில நாட்கள் மூடினார்கள் என்றாலும் நாடே வீட்டுக்குள் முடங்கவில்லை.

2003-இல் நுரையீரலைத் தாக்கும் சார்ஸ் நோய் பரவிய நகரங்களில் நடந்தது கோவிட் கதைக்கு நெருக்கமானது. மருத்துவமனையிலேயே நோய் தொற்றுகிறது என்ற செய்தி பரவியதும் மக்கள் அந்தப் பக்கம் போகவே அஞ்சினார்கள்.

ஆக, கூட்டம் கூடுமா குறையுமா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. நோய் யாரைத் தாக்குகிறது, மக்கள் எங்கே போக அஞ்சுகிறார்கள், அரசு என்ன சொல்கிறது. ‘பெருந்தொற்று என்றால் இப்படித்தான்’ என்று ஒரே வாய்பாட்டில் அடக்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

வராமல் போன அத்தனை குழந்தைகளும் எங்கே போனார்கள்?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். வராதவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக வராமல் இருக்கவில்லை. அவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கூட்டம், உண்மையிலேயே நோய் வராதவர்கள். குழந்தைகள் எமர்ஜென்சிக்கு வருவதற்கான பெரிய காரணங்கள் காய்ச்சல், சளி, வீசிங், வாந்தி பேதி, கீழே விழுந்த அடி. இவற்றில் அடியைத் தவிர மற்றவை பெரும்பாலும் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தொற்றுபவை. பள்ளியும் பாலர் பள்ளியும் மூடியதும் தொற்றும் வழி அடைபட்டது. விளையாட்டு மைதானம் மூடியதால் கை கால் முறிவு குறைந்தது, சாலையில் வண்டி குறைந்ததால் விபத்து குறைந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 குளிர்காலத்தில், கைக்குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸ் பாதிப்பு வழக்கத்தைவிட 98 சதவீதம் குறைந்தது. அந்தக் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கு நோயே வரவில்லை.

இரண்டாவது கூட்டம், நோய் வந்தும் எமர்ஜென்சி தேவைப்படாதவர்கள். இரண்டு நாள் மூக்கொழுகல், லேசான சிராய்ப்பு, மருந்துச் சீட்டு புதுப்பிப்பது போன்றவை. வழக்கமான நாளாக இருந்தால் வந்திருப்பார்கள். இப்போது போனிலோ வீடியோவிலோ டாக்டரைக் கேட்டுச் சமாளித்தார்கள், அல்லது தானாகவே சரியாகிவிட்டது.

மூன்றாவது கூட்டம், கட்டாயம் வந்திருக்க வேண்டியவர்கள். வராமல் இருந்தார்கள், அல்லது காலம் கடந்து வந்தார்கள். எண்ணிக்கையில் மூன்றிலும் சிறியது இதுதான். மொத்த வருகைக் கணக்கில் இவர்கள் தனியாகத் தெரியமாட்டார்கள். ‘70 சதவீதம் குறைந்தது’ என்ற ஒற்றை எண்ணுக்குள் மற்ற இரண்டு கூட்டத்தோடு கலந்து மறைந்துவிடுவார்கள். பெருந்தொற்றில் பிள்ளைகளுக்கு நேர்ந்த தீங்கைத் தேட வேண்டிய இடம் இந்தச் சின்னக் கூட்டம்தான்.

அந்த மூன்றாவது கூட்டம் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

முதல் எச்சரிக்கை இத்தாலியிலிருந்து வந்தது. 2020 மார்ச் 23 முதல் 27 வரை, ஒரே வாரத்தில், முன்னர் சொன்ன ஐந்து மருத்துவமனைகளில் தாமதமாக வந்த 12 குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். பாதிப்பேர் ஐ.சி.யூ.வுக்குப் போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பெற்றோர் தயங்கியதுதான் பொதுவான காரணம்.

அடுத்து பிரிட்டனில் குழந்தை மருத்துவர்களிடம் நாடு தழுவிய கேள்வித்தாள் அனுப்பப்பட்டது. எமர்ஜென்சியில் பணிபுரிந்தவர்களில் 32 சதவீதம் பேர் தாமதமாக வந்த குழந்தைகளைத் தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள். முதலிடத்தில் இருந்தது புதிதாகக் கண்டறியப்பட்ட சர்க்கரை நோய். ரத்தத்தில் கிருமி பரவுதலும் புற்றுநோயும்கூடப் பட்டியலில் இருந்தன. தாமதமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதிய ஒன்பது மரணங்கள் அதில் பதிவாயின.

இவை இரண்டும் மருத்துவர்கள் கண்ணில் பட்டதை வைத்துச் சொன்னவை. துல்லியமான அளவு வேண்டுமென்றால் ஜெர்மனியின் சர்க்கரை நோய்ப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை அங்கே 532 பிள்ளைகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதில் 44.7 சதவீதம் பேர், ரத்தம் அமிலமாகிப்போன கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலையில்தான் வந்து சேர்ந்தார்கள். முந்தைய ஆண்டு அதே மாதங்களில் அது 24.5 சதவீதம்.

சர்க்கரை நோயில் மட்டும் ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிந்தது?

அது காத்திருக்காத நோய், அதே சமயம் சத்தமில்லாமல் ஆரம்பிக்கும் நோய். முதல் ஒன்றிரண்டு வாரம் பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கும். படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட பிள்ளை திரும்ப நனைக்கும். சட்டை தொளதொளவென்று ஆகும். வழக்கமான நாட்களில் இதைப் பார்க்கப் பல கண்கள் உண்டு. வகுப்பில் அடிக்கடி வெளியே போகிறான் என்று ஆசிரியை சொல்வார், இளைத்துவிட்டானே என்று பாட்டி கேட்பார். ஊரடங்கில் அந்தக் கண்கள் இல்லை. தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிற தாய் தகப்பனுக்கு மெலிவு தெரிவதில்லை.

பிறகு வயிற்றுவலி, வாந்தி. அதன் பிறகு மூச்சு மாறும். ஓடி வந்தவன் வாங்குவதுபோல ஆழமாக, வேகமாக, படுத்திருக்கும்போதே வாங்கும். வாயில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை வரும். இந்தக் கட்டத்தில் தாய் போன் செய்து, “வாந்தி எடுக்கிறான், மூச்சு வாங்குது, சோர்ந்து கிடக்கிறான்” என்கிறார். 2020-இல் மூச்சு வாங்குகிறது என்றாலே மறுமுனையில் இருப்பவருக்கு நினைவுக்கு வந்தது ஒரே நோய்தான். “தனிமைப்படுத்துங்கள், டெஸ்ட் எடுங்கள், ரிசல்ட் வரட்டும்.” அந்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தை மயக்கத்துக்குள் போய்விடலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் வைத்திருந்தால் சில நொடிகளில் விடை கிடைத்திருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் தொலைபேசி ஆலோசனையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. ஒரே நோயைத் தேடுகிறவருக்கு மற்ற நோய் கண்ணில் படாது.

அப்படியென்றால் பெற்றோரின் பயம்தான் காரணமா?

பயம் பெரிய காரணம். பழியை முழுக்க அவர்கள் தலையில் கட்டுவதைத்தான் ஏற்க முடியாது. ‘வீட்டிலேயே இருங்கள், மருத்துவமனைகளைப் பாதுகாப்போம்’ என்று இரவும் பகலும் சொன்னவர்கள் அரசும் மருத்துவத் துறையும்தான். அந்தச் செய்தியின் அடுத்த பாதி, ‘ஆனால் இந்தெந்த அறிகுறி இருந்தால் உடனே வாருங்கள்’ என்பது, பல நாடுகளில் வாரங்கள் கழித்தே வந்தது. சொன்னதைச் சொன்னபடி கேட்ட பெற்றோரைப் பிறகு ‘ஏன் தாமதம்’ என்று கேட்பது நியாயமில்லை.

நடைமுறைத் தடைகளும் இருந்தன. பேருந்து ஓடவில்லை. துணைக்கு ஒருவர் மட்டும்தான் என்ற விதியால் மற்ற பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் கிளினிக் மூடியிருந்தது. வேலை போனதால் செலவை நினைத்துத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. நியூயார்க் போன்ற இடங்களில் குழந்தைகளுக்கான ஐ.சி.யூ. படுக்கைகளில் பெரியவர்களைப் படுக்க வைக்க வேண்டிய நிலை வந்தது. சில நகரங்களில் குழந்தைகள் பிரிவுகளை ஒன்றிரண்டு மருத்துவமனைகளில் குவித்தார்கள். வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போனால் ‘இங்கே இல்லை, அங்கே போங்கள்’ என்றார்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் தாமதமாகத்தான் வந்தார்களா?

பொதுவாக இல்லை. ஆஸ்துமாவுக்காக வருவது பல நாடுகளில் உண்மையாகவே குறைந்தது. வீசிங்கைத் தூண்டும் சளி வைரஸ்கள் பரவவில்லை, தெருவில் புகை குறைந்தது, பயத்தில் இன்ஹேலரைத் தவறாமல் போட்டவர்களும் உண்டு. வருகை குறைந்தால் ஏதோ தப்பு என்று எல்லா இடத்திலும் சந்தேகப்படக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அப்பெண்டிக்ஸ் போன்ற அறுவை சிகிச்சைப் பிரச்சினைகள்?

குடல்வால் வீங்குவதற்கு வைரஸ் பரவலோடு பெரிய தொடர்பில்லை. ஊரடங்கு போட்டாலும் அது தன் பாட்டுக்கு வரும். பல நாடுகளிலிருந்து வந்த அறிக்கைகளில் குடல்வால் வெடித்த பிறகு வந்த பிள்ளைகளின் பங்கு அதிகரித்திருந்தது. பையன்களுக்கு வரும் விதைமுறுக்கில் (விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைபடுவது) நேரம் இன்னும் குறைவு. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம், அதன் பிறகு மணிக்கு மணி குறையும். கூச்சத்தில் சொல்லாமல் இருப்பது எப்போதும் உள்ள சிக்கல். அதோடு மருத்துவமனைப் பயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளேயே இருந்தால் குழந்தை பத்திரம்தானே?

சாலையிலிருந்து பத்திரம். சமையலறையிலிருந்தும் அலமாரியிலிருந்தும் அப்படிச் சொல்ல முடியாது. பெற்றோர் ஒரு கையில் அலுவலகக் கூட்டமும் மறு கையில் குழந்தையுமாக இருந்த வீடுகளில் தீக்காயம், விஷப் பொருள், விழுங்கிய பொருள் என்று வந்தவர்கள் பலர். வீடெங்கும் கிருமிநாசினி புட்டிகளும் சானிடைசரும் புதிதாக முளைத்திருந்தன. அமெரிக்க விஷ முறிவு மையங்களுக்குத் துப்புரவுப் பொருட்கள், கிருமிநாசினிகள் தொடர்பாக வந்த அழைப்புகள் 2020-இன் முதல் மூன்று மாதங்களில் முந்தைய ஆண்டைவிட 20.4 சதவீதம் கூடின. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் அதில் பெரும் பங்கு.

பட்டன் பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ரிமோட்டிலும் பொம்மையிலும் தெர்மாமீட்டரிலும் இருக்கும் அந்த வட்டப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். குழந்தை இருமலாம், எச்சில் ஒழுகலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ‘நாளை மலத்தில் வந்துவிடும்’ என்று காத்திருப்பதற்கான பொருள் அல்ல அது. விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கக் கிளம்ப வேண்டும். பெருந்தொற்று உச்சத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

குழந்தைகள் மீதான வன்முறை கூடியதா, குறைந்ததா?

பதிவான எண்ணிக்கை குறைந்தது. நடந்தது குறைந்ததா என்றால் நம்ப முடியவில்லை. அமெரிக்காவில் கொடுமை, புறக்கணிப்பு தொடர்பாக எமர்ஜென்சிக்கு வந்த குழந்தைகள் 2020-இல் குறைந்தார்கள். ஆனால் அப்படி வந்தவர்களில் வார்டில் சேர்க்க வேண்டியிருந்தவர்களின் பங்கு 2.1 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாக ஏறியது. லேசான காயத்தோடு வந்திருக்க வேண்டியவர்கள் வரவில்லை என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. லண்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், ஊரடங்கின் முதல் மாதத்தில் தலையில் வன்முறைக் காயத்தோடு பத்துக் குழந்தைகள் வந்தார்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அதே மாதத்தின் சராசரி ஒன்றுக்கும் குறைவு. ஒரே மருத்துவமனை, சிறிய எண்ணிக்கை என்பதால் இதை வைத்து ஊருக்கே கணக்குப் போடக் கூடாது. அலட்சியம் செய்யவும் கூடாது.

இங்கேயும் பள்ளி மூடியதுதான் உள்ளே இருக்கும் விஷயம். பிள்ளையின் கையில் தழும்பைப் பார்த்து முதலில் கேள்வி கேட்கிறவர் பெரும்பாலும் ஆசிரியர்.

மனநலப் பிரச்சினைக்காக வந்த பிள்ளைகள் கூடிவிட்டதாகச் சொல்கிறார்களே?

கூடியது உண்மை. ஆனால் முதலில் வந்த எண்களைப் பலர் தவறாகப் படித்தார்கள். அமெரிக்காவில் 2020 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மொத்த வருகையில் மனநலம் தொடர்பானவற்றின் பங்கு 5–11 வயதில் 24 சதவீதமும் 12–17 வயதில் 31 சதவீதமும் ஏறியது. உடனே ‘மனநோய் 31 சதவீதம் அதிகரிப்பு’ என்று தலைப்புகள் வந்தன. ஏறியது பங்கு. நூறு பேர் வரும் இடத்தில் ஐந்து பேர் மனநலத்துக்காக வந்தால் அது 5 சதவீதம். சளியும் அடியும் குறைந்து ஐம்பது பேர் மட்டும் வந்து, அதில் அதே ஐந்து பேர் இருந்தால் 10 சதவீதம். ஒரு பிள்ளைகூடக் கூடாமல் பங்கு இரட்டிப்பாகிவிடும்.

அப்படியானால் பதறத் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2021 பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் வரை, தற்கொலை முயற்சியாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டு எமர்ஜென்சிக்கு வந்த 12–17 வயதுப் பெண்பிள்ளைகள், 2019-இன் அதே காலத்தைவிட 50.6 சதவீதம் அதிகம். ஆண்பிள்ளைகளிடம் அந்த உயர்வு 3.7 சதவீதம். பெருந்தொற்றின் முதல் அலையில் வெறிச்சோடிய அதே பிரிவுகளில், ஓராண்டு கழித்து, மனநலப் படுக்கை கிடைக்காமல் பதின்வயதினர் நாள்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

பிள்ளை ‘செத்துப்போகலாம்போல இருக்கிறது’ என்று சொன்னாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, அதுவும் எமர்ஜென்சிதான். நெஞ்சுவலிக்கு எப்படி ஓடுவோமோ அப்படி ஓட வேண்டும். தனியாக விடாமல், மாத்திரைகளையும் கூர்மையான பொருட்களையும் எட்டாத இடத்தில் பூட்டிவைத்துவிட்டு, உடனே உதவி கேட்க வேண்டும்.

கோவிட் குழந்தைகளை ஒன்றுமே செய்யவில்லையா?

பெரும்பாலோருக்கு லேசாகத்தான் வந்தது. விதிவிலக்கு ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் இறுதியில் பிரிட்டனிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. தொற்று வந்து போன இரண்டு முதல் ஆறு வாரங்களில் சில குழந்தைகளுக்கு விடாத காய்ச்சல், வயிற்றுவலி, கண் சிவப்பு, தோல் தடிப்பு, ரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை வந்தன. பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் அழற்சி உண்டாகும் இந்த நிலைக்கு எம்.ஐ.எஸ்.-சி என்று பின்னர் பெயரிடப்பட்டது. தொற்று வந்ததே தெரியாத பிள்ளைகளுக்கும் வந்தது. வயிற்றுவலியை மட்டும் பார்த்து அப்பெண்டிக்ஸ் என்று நினைத்ததும் உண்டு. அரிதானதுதான், ஆனால் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடியதில்லை.

பிறகு கூட்டம் திரும்பி வந்ததா?

வந்தது, அதுவும் பருவம் தப்பி. மேற்கு ஆஸ்திரேலியாவில் குளிர்காலத்தில் காணாமல் போன ஆர்.எஸ்.வி., 2020 முடிவதற்குள் கோடை தொடங்கும் நேரத்தில் வழக்கமான உச்சத்தையும் தாண்டி வந்தது. அமெரிக்காவில் 2021 கோடையிலும் பிறகு 2022 இலையுதிர் காலத்திலும் அலை அடித்தது. 2022-இல் ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயென்சா, கோவிட் மூன்றும் சேர்ந்துகொண்டன.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2022 நவம்பரில் நடந்தது இன்னும் கடினம். டொரன்டோவின் பெரிய குழந்தைகள் மருத்துவமனை அறுவை சிகிச்சைகளைக் குறைத்து ஆட்களை ஐ.சி.யூ.வுக்கு மாற்றியது. ஒட்டாவாவில் குழந்தைகளுக்கென இரண்டாவது ஐ.சி.யூ. திறந்தார்கள். தீவிர சிகிச்சை தேவைப்பட்ட 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பெரியவர்களுக்கான மருத்துவமனைகள் ஏற்க வேண்டும் என்று உத்தரவு போனது. கடைகளில் குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பே கிடைக்கவில்லை. 2020-இல் குழந்தைகளின் படுக்கையைப் பெரியவர்களுக்குக் கொடுத்தார்கள், 2022-இல் பெரியவர்களின் படுக்கையைக் குழந்தைகளுக்குக் கேட்டார்கள். காலியாக இருக்கிறதே என்று இடையில் குழந்தைகள் பிரிவைச் சுருக்கியவர்கள் அப்போது கையைப் பிசைந்தார்கள்.

அப்படியென்றால் ஊரடங்கில் வீட்டிலிருந்ததால் எதிர்ப்புச் சக்தி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஓரிரு ஆண்டு அந்த வைரஸ்களைச் சந்திக்காத குழந்தைகள் ஒரே நேரத்தில் சேர்ந்து சந்தித்தார்கள், அதனால் அலை பெரிதானது. தனிப்பட்ட ஒரு குழந்தையின் நோய் எதிர்ப்பு அமைப்பு பழுதாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

தடுப்பூசி தள்ளிப்போனதற்கும் எமர்ஜென்சிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம், ஆனால் தாமதமாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் தந்த கணக்கின்படி, வழக்கமான தடுப்பூசிகளைத் தவறவிட்ட குழந்தைகள் 2020-இல் 2.3 கோடி, 2021-இல் 2.5 கோடி. இன்று தவறிய ஊசி, ஒன்றிரண்டு ஆண்டு கழித்துத் தட்டம்மையாகவோ கக்குவான் இருமலாகவோ எமர்ஜென்சி வாசலுக்கு வரும்.

தேவையில்லாமல் வருகிறவர்கள் வராமல் இருந்தது நல்லதுதானே?

மருத்துவமனை நிர்வாகிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு பகுதி உண்மை உண்டு. போனிலேயே முடியக்கூடியதை போனில் முடித்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் ‘தேவையில்லை’ என்பது டாக்டர் பார்த்து முடித்த பிறகு தெரிவது. வீட்டு வாசலில் நிற்கும் தாய்க்குத் தெரிவது குழந்தைக்குக் காய்ச்சல், சோர்வு, சாப்பிடவில்லை என்பது மட்டும்தான். அது சாதாரண வைரஸா, மூளைக்காய்ச்சலா என்று பிரிப்பது அவர் வேலை இல்லை. பயத்தை வைத்து வடிகட்டினால் லேசானவர்களும் நிற்பார்கள், கடுமையானவர்களும் நிற்பார்கள். அந்த வடிகட்டிக்கு இரண்டு பேரையும் பிரிக்கத் தெரியாது.

அடுத்த முறை மருத்துவமனைகள் என்ன செய்ய வேண்டும்?

‘வீட்டிலேயே இருங்கள்’, ‘ஆனால் இந்த அறிகுறி இருந்தால் உடனே வாருங்கள்’ என்ற இரண்டு பாதிச் செய்தியையும் முதல் நாளிலிருந்தே ஒன்றாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2020 ஏப்ரலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்த ஒரு பக்கத் தாளை வெளியிட்டது. சிவப்பு என்றால் உடனே எமர்ஜென்சி, மஞ்சள் என்றால் இன்றே டாக்டரிடம் பேசுங்கள், பச்சை என்றால் வீட்டில் பாருங்கள். எளிமையான வேலைதான். அது ஊரடங்கு அறிவிப்போடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

தொற்று உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி வாசல், அதைப் பெற்றோருக்குத் தெரியும்படி காட்டுவது. போனில் பேசுகிறவருக்கு ‘கோவிட் இல்லையென்றால் வேறு என்ன’ என்று கேட்கும் பழக்கம். குழந்தைகள் ஐ.சி.யூ.வை எடுத்துக்கொண்டால் எப்போது திருப்பித் தருவது என்ற திட்டம். வாரந்தோறும் ‘எத்தனை பேர் வந்தார்கள்’ என்று எண்ணுவதோடு, ‘வந்தவர்களில் எத்தனை பேர் நேரே ஐ.சி.யூ.வுக்குப் போனார்கள்’ என்றும் எண்ணுவது. இரண்டாவது எண் ஏறினால் யாரோ வெளியே தாமதமாகிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

எந்த அறிகுறி இருந்தால், பெருந்தொற்றோ இல்லையோ, யோசிக்காமல் கிளம்ப வேண்டும்?

தாய்ப்பாலோ தண்ணீரோ குடிக்க முடியாத குழந்தை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கும் குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, எழுப்பினால் எழாத அல்லது துவண்டு கிடக்கும் குழந்தை. மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலமானால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால். மூச்சை எண்ணத் தெரிந்திருப்பது நல்லது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் போனால் அது வேகமான மூச்சு.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும். கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், பச்சை நிற வாந்தி, கழுத்து விறைப்போடு காய்ச்சல், எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, திடீர் விதை வலி ஆகியவையும் இதில் சேரும். இவை எதிலும் பொருந்தாமல், ‘என் பிள்ளை இப்படி இருக்க மாட்டானே’ என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள். அனுபவமுள்ள மருத்துவர்கள் அந்த வாக்கியத்தை அலட்சியம் செய்வதில்லை.

போனில் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

‘காய்ச்சல், சளி’ என்று ஆரம்பித்தால் பேச்சு அந்தத் திசையிலேயே போய்விடும். வயது, எடை, எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, எவ்வளவு குடித்தது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விளையாடுகிறதா, துவண்டிருக்கிறதா. இந்த வரிசையில் சொல்லுங்கள். வீடியோ என்றால் முகத்தை மட்டும் காட்டாமல் மார்பையும் வயிற்றையும் காட்டுங்கள். கடைசியில், “எது நடந்தால் நான் நேரில் வர வேண்டும்?” என்று கேட்டு, சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதில் ஒன்று நடந்தால் திரும்ப அனுமதி கேட்டு போன் செய்ய வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.